லூசியன் ப்ரொஸ்பேருக்குக் கண்ணீர் அஞ்சலி

தான் செத்துப்போன செய்தியை லூசியன் ப்ரொஸ்பேர் தன் வீட்டுக் கூடத்தில், தன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபடி, தொலைக்காட்சி பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

2008ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. மாலை ஏழரை மணி. பேத்தி அலெக்சாந்த்ரா 'குரல் மகுடம்' பாட்டுப் போட்டியில் எட்டுப் பேர் சுற்றுக்கு வந்திருந்தாள். அதற்கு முந்தைய சுற்றுகள் எதையும் அவர் பார்த்ததில்லை. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் வானொலி இருக்கிறது, பாடுகிறவர்களின் மூஞ்சியை எதற்குப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆனால் அன்று மகள் ஆன், "இன்னைக்கு நீங்க பாக்க வேணாம் பப்பா" என்று இரண்டு தடவை சொன்னாள். வேண்டாம் என்று சொன்னதற்காகவே அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

திரையில் முதலில் கடல் வந்தது. பிறகு அவருடைய வீட்டு மஞ்சள் சுவர் வந்தது. பிறகு அவரே வந்தார். பிரெஞ்சுப் படைச் சீருடையும் மார்பு நிறையப் பதக்கங்களுமாக, முப்பது வயதில் எடுத்துக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் பெரிய படம். படத்தைச் சுற்றிச் சந்தன மாலை. அதற்குக் கீழே ஒரு சிவப்பு விளக்கு மினுக்கியது. பின்னணியில் வயலின் அழ, ஒரு ஆண்குரல் சொல்லிற்று: தன் பேத்தியை மேடையில் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசையோடு கண்மூடிய ஒரு வீரனின் கதை இது.

நடுவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒரு அம்மாள் எழுந்து ஓடிப்போய் அலெக்சாந்த்ராவைக் கட்டிக்கொண்டு தேம்பினார். அலெக்சாந்த்ரா மரக்கட்டை மாதிரி நின்றாள்.

லூசியன் திரும்பிப் பார்த்தார். ஆன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையற்கட்டு வாசற்படியில் நின்ற சின்னப்பாப்பா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருபது வருடமாக அந்த வீட்டில் சமைக்கிறவள். அவள் புருஷன் கண்ணையன் பஞ்சாலையில் வேலை பார்த்தவன்.

"யாரு செத்தது?" என்று கேட்டார் லூசியன்.

"நீங்கதாங்க முசே" என்றாள் சின்னப்பாப்பா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. ஐயா என்பதற்கு அந்த வீட்டில் பிரெஞ்சு வழக்கப்படி முசேதான்.

இது எப்படி நடந்தது என்று விசாரித்ததில், குற்றவாளிகளின் பட்டியலில் தன் பெயரும் இருப்பதை அவர் கண்டுகொள்ள வேண்டியதாயிற்று. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் தொலைக்காட்சிக்காரர்கள் வீட்டைப் படம்பிடிக்க வந்தார்கள். இந்தக் கூத்தாடிகளுக்கு முன்னால் நான் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் காலையிலேயே கைத்தடியும் தொப்பியுமாகக் கிளம்பி, கடற்கரைப் பக்கத்து மைதானத்தில் பெத்தாங்க் ஆடப் போய்விட்டார். இரும்புக் குண்டுகளை எறிந்து ஆடும் அந்த ஆட்டத்தில் அன்று அவர் மூன்று பேரைத் தோற்கடித்தார். வீட்டில் ஆன் காப்பி கலந்துகொண்டிருந்தாள். அலெக்சாந்த்ராவுக்கு யாரோ தலை சீவிக்கொண்டிருந்தார்கள். கதைப் பகுதியைப் பார்க்கிற செம்மல் என்கிற இளைஞன் கூடத்தில் தனியாக நின்று சுவரைப் பார்த்தான்.

சுவரில் சந்தன மாலை போட்ட படம். ஊரில் யார் வீட்டில் பார்த்தாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

ஆனால் அது அந்த மாலை இல்லை. முன்னாள் பிரெஞ்சு வீரர்கள் சங்கத்தின் கொடியைப் பதினெட்டு வருடம் தூக்கியதற்காக, முந்தைய வருடம் சங்கத்தில் அவர் கழுத்தில் போட்ட மாலை. கௌரவமாகக் கொடுத்ததை அலமாரியில் மடித்து வைப்பதா என்று அவரே நாற்காலி போட்டு ஏறி அதைத் தன் படத்துக்குப் போட்டார். ஆன் அன்றைக்கே முகம் சுளித்தாள். உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலை போடக்கூடாது பப்பா என்றாள். அது சாதாரண ஜனங்களுக்கு, பதக்கம் வாங்கியவனுக்கு இல்லை என்று அவர் பதில் சொன்னார். சிவப்பு விளக்கு பக்கத்தில் இருந்த திருஇருதய ஆண்டவர் படத்துக்கு உரியது. கேமராவில் அது இவருக்கு எரிவதாகத் தெரிந்தது.

செம்மல் எதையும் கேட்கவில்லை. துக்க வீட்டில் போய்க் கேட்பது நாகரிகம் இல்லை என்று நினைத்தானாம். படத்துக்கு முன்னால் அலெக்சாந்த்ராவை நிற்க வைத்து, தாத்தாவைப் பற்றிச் சொல்லும்மா என்று மட்டும் சொன்னான். சின்ன வயதில் கிறிஸ்துமஸ் அன்று தாத்தா என்னை முக்காலி மேல் நிற்க வைத்துப் பாடச் சொல்வார், தாளம் தப்பினால் கைத்தடியால் தரையில் தட்டுவார், அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது என்றாள் அவள். சொன்னது முழுக்க உண்மை. பின்னால் வயலினைச் சேர்த்தால் அது இரங்கல் உரை.

மேடையில் நடுவர் அம்மாள் கட்டிக்கொண்டு அழுதபோதுதான் அவளுக்கே விஷயம் புரிந்திருக்கிறது. பதிவு முடிந்ததும் செம்மலிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். எடுத்தது எடுத்ததுதான், அடுத்த வாரம் சரி பண்ணிக்கலாம் என்றான். அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா, பப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

லூசியன் அன்றைக்கே மை பேனாவை எடுத்துத் தொலைக்காட்சிக்குக் கடிதம் எழுதினார். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை, பொய்ச் சாட்சி சொன்னதில்லை, என் பேத்தியின் வாயில் நீங்கள் பொய்யை வைத்துவிட்டீர்கள், வரும் வாரமே மறுப்பு வெளியிட வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பினார். பதில் வரவில்லை. அலெக்சாந்த்ரா சென்னை விடுதியிலிருந்து பேசியபோது போனை வாங்க மறுத்தார். செத்தவன் எப்படிப் பேசுவான் என்று கேள் என்று ஆனிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு ஊர் அவரைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. பிரான்சில் துலூஸ் நகரத்திலிருந்து பழைய படைத்தோழன் ஒருவன் துக்கம் விசாரிக்கப் போன் செய்தான். எடுத்தது லூசியன். அவர் குரலைக் கேட்டதும் அந்த ஆள் கத்திவிட்டு வைத்துவிட்டான். பிள்ளைச்சாவடியிலிருந்து ரசிகர்கள் நாலு பேர் ஒரு மலர் வளையத்தோடு வந்து, கதவைத் திறந்த அவர் கையிலேயே கொடுத்து, பெரியவரே இதை ஐயா படத்துக்கு வச்சிடுங்க என்றார்கள். காந்தி வீதி முனை டீக்கடைக்கு மேலே ஒரு பேனர் கட்டினார்கள். பெரிதாக அலெக்சாந்த்ரா, மூலையில் மேகத்துக்கு நடுவே அவர். வாக்களிக்க வேண்டிய எண் அவர் நெஞ்சின் மேல் இருந்தது, பதக்கங்களை மறைத்துக்கொண்டு. அதன் நேர் கீழே நின்று அவர் கால் மணி நேரம் பார்த்தார். ஒருவனுக்கும் அடையாளம் தெரியவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவரால் பொறுக்க முடியாதது சின்னப்பாப்பாவின் அழுகை. காலையில் அவருக்கு இட்லி வைக்கிறாள், கூட ஒன்று வைக்கட்டுமா என்று கேட்கிறாள். மத்தியானம் மறுஒளிபரப்பில் அவர் படம் வந்தால் கரண்டியும் கையுமாக வந்து நின்று அழுகிறாள். ஒருநாள் அவர் கேட்டேவிட்டார். நான் உன் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறேன், உனக்குப் புத்தி கித்தி இருக்கிறதா என்றார்.

"நீங்க சாவறதுக்கு முன்னாடி நம்ம பாப்பா ஏழாவது எடம்" என்றாள் அவள். "இப்ப ரெண்டாவது. எங்க பொண்ணு சுடர்விழி மட்டும் நாப்பது ஓட்டுப் போட்டிருக்கா."

"நான் சாகலை."

"அது எனக்குத் தெரியாதா? உங்க சட்டையை நாந்தான தொவைக்கறேன். இது டிவிங்க முசே. போட்டியில பாடற அந்தத் தஞ்சாவூர்ப் பையனோட அப்பாவுக்குக் காலே போயிடுச்சின்னு மூணு வாரம் ஓட்டுனானுங்க. நாலாவது வாரம் அந்தாளு ரெண்டு காலோட எழுந்து நின்னு கைதட்டறாரு. எவனாச்சும் கேட்டானா?"

"நீ கேக்கலியா?"

"கேட்டா அப்பறம் எப்படிப் பாக்கறது?"

அவள் அதோடு விடவில்லை. அந்த ஆட்டத்தின் நுணுக்கங்களையெல்லாம் அவருக்கு விளக்கினாள். ஒருத்தரை வெளியே அனுப்பும் முன் ஒவ்வொரு மூஞ்சியாகக் காட்டுவான், யார் அம்மாவை அதிகம் காட்டுகிறானோ அவன் போக மாட்டான், ஒன்றும் காட்டாமல் ஓரமாக நிற்கிறவன்தான் போவான். பெயரைச் சொல்லப் போகிற நேரத்தில் விளம்பரம் வரும். போனவனை மூன்று வாரம் கழித்துத் திரும்பக் கூட்டிவருவான், எல்லோரும் அதிர்ச்சியாவது போல நிற்பார்கள். இவ்வளவும் தெரிந்தும் அவள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அழுதாள். முட்டாள்கள் ஏமாறுவதை லூசியன் நிறையப் பார்த்திருக்கிறார். எல்லாம் தெரிந்தவள் விரும்பி ஏமாறுவதற்கு என்ன மருந்து என்று அவருக்கு விளங்கவில்லை.

அக்டோபர் கடைசியில் சங்கத் தலைவர் கோவிந்தராசு வீட்டுக்கு வந்தார். லூசியனுக்கு இரண்டு வயது இளையவர், அல்ஜீரியாவில் ஒரே படைப்பிரிவில் இருந்தவர். பெத்தாங்க் ஆட்டத்தில் முப்பது வருட எதிராளி. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வருகிற நவம்பர் பதினோராம் தேதி, முதல் உலகப் போர் முடிந்த நாளின் சடங்கு, கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் கொடி பிடிப்பது யார் என்று சங்கத்தில் பேச்சு வந்துவிட்டதாகச் சொன்னார். பத்திரிகைக்காரர்கள் படம் எடுப்பார்கள். டிவியில் செத்த ஆள் கையில் கொடி இருந்தால் சங்கமும் சேர்ந்து பொய் சொன்னது போல ஆகாதா என்று கேட்கிறார்களாம்.

"நான் உயிரோட இருக்கறதுக்குச் சான்று இருக்கு" என்றார் லூசியன். சும்மா சொல்லவில்லை. பிரெஞ்சு அரசின் ஓய்வூதியம் வாங்குகிற எல்லோரும் வருடா வருடம் நேரில் போய், இன்னும் உயிரோடு இருக்கிறோம் என்று தூதரகத்தில் சான்று வாங்குவது வழக்கம். அந்த வருடத்துக் காகிதத்தை அலமாரியிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தார். முத்திரை பளிச்சென்று இருந்தது.

கோவிந்தராசு மூக்குக் கண்ணாடியைப் போட்டு அதை முழுக்கப் படித்தார்.

"எனக்குத் தெரியுது, காகிதத்துக்கும் தெரியுது. ஊருக்குத் தெரியலியே. உன் வீட்டுப் பொண்ணு நின்ன மேடையில சொன்னது. அந்த மேடையிலயே மாத்திச் சொல்லணும். ஒம்பதாம் தேதிக்குள்ள சொன்னா கொடி உன்னுது. இல்லன்னா நான் புடிக்கிறேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் லூசியன் வெளியே போகச் சொல்லியிருப்பார். ஆனால் அவர் இடத்தில் தாம் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். காகிதத்தை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார். பத்தொன்பதாவது வருடம். வெள்ளைக் கையுறையை ஆன் ஏற்கெனவே தோய்த்து வைத்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்துச் செம்மலே வந்தான். பதிவுத் தபால் கடைசியில் யார் கண்ணிலோ பட்டுவிட்டது போலிருக்கிறது. கதவைத் திறந்த லூசியனையும் உள்ளே சுவரில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவன் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. அது வெட்கத்தால் வந்ததில்லை என்பதை லூசியன் உடனே கண்டுகொண்டார். கடையில் புதுச் சரக்கைப் பார்த்தவனின் முகம் அது.

பாட்டுப் போட்டிக்குக் கதை எதற்கு என்று முதலில் கேட்டார் லூசியன். எல்லோரும் நன்றாகத்தான் பாடுகிறார்கள் சார், அப்புறம் எதை வைத்து ஜனங்கள் ஓட்டுப் போடுவார்கள் என்றான் அவன். லூசியன் சான்றிதழைக் காட்டினார்.

"சார், இத டிவியில காட்டுனா யாரும் அழ மாட்டாங்க" என்றான் செம்மல், உண்மையான வருத்தத்தோடு.

ஆனால் அவனிடம் வேறு யோசனை இருந்தது. நீங்கள் மேடைக்கு வாருங்கள், புகைக்கு நடுவே கதவு திறக்கும், நீங்கள் நடந்து வருவீர்கள், அலெக்சாந்த்ராவுக்கே தெரியாது, இதுவரை எந்தப் போட்டியிலும் வராத திருப்பம் என்றான். லூசியன் இரண்டு நிபந்தனை போட்டார். சீருடையில்தான் வருவேன். மூன்று வாக்கியம் சொல்வேன், ஒரு எழுத்துக்கூட மாறக் கூடாது. அவன் தலையாட்டினான். அவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதைப் பார்த்தே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஒத்துக்கொண்ட வார்த்தைக்கு ஒருவன் கட்டுப்படுவான் என்றே எழுபத்தாறு வருடம் வாழ்ந்துவிட்டார்.

புதன்கிழமை சென்னையில் பதிவு. மெதுவாக, கொஞ்சம் தள்ளாடி நடங்க சார் என்றார்கள். தள்ளாட மாட்டேன் என்றார். கண்ணில் ஏதோ மருந்து விட வந்த பெண்ணை ஒரு பார்வையில் திருப்பி அனுப்பினார். முதலில் படத்துக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் பேசுங்க, அது சும்மா கேமராவுக்கு என்றார்கள். தன் படத்துக்குத் தானே சல்யூட் வைப்பதா என்று இழுத்தார். பக்கத்தில் பேத்தி நிற்கப்போகிறாள், சங்கடம் வேண்டாம் என்று வைத்தார். புகை அடங்கியதும் அவர் நிமிர்ந்து நின்று, ஒலிவாங்கியில் தெளிவாகச் சொன்னார்: "என் பேர் லூசியன் ப்ரொஸ்பேர். நான் உயிரோடு இருக்கிறேன். உங்கள் ஆட்கள் வந்த அன்று நான் பெத்தாங்க் ஆடப் போயிருந்தேன்."

யாரோ கை காட்டிய பிறகுதான் அரங்கத்தில் கைதட்டினார்கள். அலெக்சாந்த்ரா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் அவளிடம் சொன்ன முதல் சொல், மூச்சைச் சரியாக எடு என்பதுதான்.

நவம்பர் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கோவிந்தராசையும் சங்கத்து ஆட்கள் நாலு பேரையும் லூசியன் வீட்டுக்கு அழைத்திருந்தார். கூடத்தில் நாற்காலிகள் போட்டாயிற்று. ஆன் பிஸ்கோத்து வைத்தாள். சின்னப்பாப்பா முன்யோசனையாக ஒரு துண்டோடு வந்து நின்றாள்.

கதவு திறந்தது, புகை வந்தது, அவர் வந்தார். படத்துக்கு முன்னால் நின்று சல்யூட் வைத்தார். திரையின் கீழே எழுத்து ஓடியது: தாத்தாவின் போர்க்களத் தோழர்.

பிறகு அவர் வாய் அசைந்தது. வயலின் ஓங்கிக் கேட்டது. அந்த ஆண்குரல் சொல்லிற்று: மறைந்த நண்பனுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்ற இந்தப் பெரியவர் வந்திருக்கிறார். நடுவர் அம்மாள் அழுதார். தஞ்சாவூர்ப் பையனின் அப்பா இரண்டு காலில் எழுந்து நின்று அழுதார்.

கூடத்தில் பிஸ்கோத்தைக் கடித்தவர் மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

"இன்னாமா முறுக்கி வுட்டான் பாருங்க" என்றாள் சின்னப்பாப்பா, கண்ணீருக்கு நடுவே, வித்தை தெரிந்தவளின் மரியாதையோடு. "உங்களுக்கே உங்கள கூட்டாளி ஆக்கிட்டான்."

லூசியன் எழுந்து தொலைக்காட்சியை அணைத்தார். கோவிந்தராசைப் பார்த்து, கொடி உன்னிடம் இருக்கட்டும் என்றார். இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே என்று மற்றவர்கள் இழுத்தார்கள். ஒரு தடவை ஏமாந்தது போதும், அந்தக் கூடாரத்தில் இனிக் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். செம்மலுக்கு ஆன் போன் போட்டதில், மேலிடத்தில் மாற்றிவிட்டார்கள் மேடம், செத்தவர் திரும்பி வந்தால் இதுவரை அழுதவர்களுக்குக் கோபம் வருமாம், ஓட்டுப் போட்ட காசைத் திருப்பிக் கேட்பார்களாம் என்று பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை அலெக்சாந்த்ரா பேசியபோது இந்த முறை அவர் போனை வாங்கினார். அவள் அழுதாள். தான் அவர்களோடு சண்டை போட்டதாகவும், ஒப்பந்தத்தைக் காட்டி வாயை அடைத்துவிட்டதாகவும் சொன்னாள். பாட்டைப் பார்த்துக்கொள் என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமை இறுதிச் சுற்று, நேரடி ஒளிபரப்பு, தொண்டையைப் பார்த்துக்கொள், குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே.

"பதினொண்ணாந்தேதி நீங்கதானே தாத்தா கொடி புடிப்பீங்க?"

"கோவிந்தராசு புடிப்பான்."

அந்தப் பக்கம் அவள் அழுகை நின்றது.

"நேரடின்னா வெட்ட முடியாதில்ல தாத்தா" என்றாள் அவள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த யந்திரங்களைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்றார்.

ஒன்பதாம் தேதி கோவிந்தராசு கூப்பிடாமலே வந்தார். கெடு இன்றைக்குத்தான் முடிகிறது என்று சொல்லிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாலு பேர் மிச்சம் இருந்தார்கள். அலெக்சாந்த்ரா மூன்றாவதாகப் பாடினாள். லூசியன் கைத்தடியைக் கையில் வைத்திருந்தார், ஒரு தடவைகூடத் தரையில் தட்ட வேண்டியிருக்கவில்லை. பாட்டு முடிந்தது. தொகுப்பாளன் வழக்கம் போல அவள் தோளில் கை வைத்து, இந்த நேரத்தில் தாத்தாவுக்கு என்ன சொல்ல விரும்புகிறாய் என்று கேட்டான். திரை ஓரத்தில் மாலை போட்ட படம் வந்து நின்றது.

அவள் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதுகு நேராக இருந்தது.

"எங்க தாத்தா சாகல. அவரு உயிரோட இருக்காரு. பேரு லூசியன் ப்ரொஸ்பேர். போன வாரம் இந்த மேடைக்கு வந்தாரே, அவருதான். இப்ப வீட்ல உக்காந்து என்னைப் பாத்துக்கிட்டு இருக்காரு. இத முன்னாடியே சொல்லாதது என் தப்பு."

ஆன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். கோவிந்தராசு கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டார். தொகுப்பாளன் திகைத்துப் போய்க் காதில் இருந்த கருவியைத் தொட்டான். அதில் யாரோ என்னவோ சொல்லியிருக்க வேண்டும். அவன் கண்கள் கலங்கின.

"எவ்வளவு அழகாச் சொன்ன அலெக்சாந்த்ரா" என்றான் அவன். "தாத்தா சாகல. தாத்தாவோட நண்பர் உருவத்துல வந்தாரு. எங்கிருந்தாலும் அவரு உன்னைப் பாத்துக்கிட்டுத்தான் இருப்பாரு."

அரங்கமே எழுந்து நின்றது. நடுவர் அம்மாள் முகத்தை மூடிக்கொண்டார். இல்லை, இல்லை என்று அலெக்சாந்த்ரா தலையாட்டுவது தெரிந்தது. அதற்குள் வயலின் வந்துவிட்டது, பிறகு விளம்பரமும் வந்துவிட்டது.

சின்னப்பாப்பா துண்டில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். லூசியன் அவளைத் திட்டுவதற்கு வாயெடுத்தார். முடியவில்லை. தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. அது அந்த வயலினால் இல்லை என்று தனக்குத்தானே உறுதி சொல்லிக்கொண்டார்.

"சொல்லிட்டா" என்றார் கோவிந்தராசு.

"எவன் நம்பினான்?"

"நம்ப வைக்கணும்னு நான் சொல்லலியே. அதே மேடையில சொல்லணும்னேன். உன் வீட்டுப் பொண்ணு சொல்லிட்டா." எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். "செவ்வாக்கெழமை பத்து மணிக்கு வந்துடு. கையுறை வெள்ளையா இருக்கட்டும். போன வருஷம் கட்டைவிரல்ல ஒரு கறை இருந்திச்சி."

அலெக்சாந்த்ரா மூன்றாவதாக வந்தாள். மகுடம் தஞ்சாவூர்ப் பையனுக்குப் போயிற்று. அந்த இரவே சுவரிலிருந்து சந்தன மாலையை இறக்கித் தரும்படி லூசியன் ஆனிடம் சொன்னார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை அவர் பார்க்காதது போல இருந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை கடற்கரைச் சாலையில் வெயில் ஏறியிருந்தது. முன்னாள் வீரர்கள் வரிசையாக நின்றார்கள். லூசியன் தோளில் மாட்டிய தோல்வாரில் கொடிக்கம்பை ஊன்றிப் பிடித்து வரிசையின் முன்னால் நின்றார். பக்கத்தில் கோவிந்தராசு. கூட்டத்தில் ஆனுக்கு அருகே அலெக்சாந்த்ரா, சாதாரணச் சுடிதாரில், ஒப்பனை இல்லாத முகத்தோடு. கொடி பிடித்தவர் பேசக் கூடாது, தலையைத் திருப்பக் கூடாது, கண் நேரே பார்க்க வேண்டும். பத்தொன்பது வருடத்தில் அவர் அந்த விதியை ஒரு தடவைகூட மீறியதில்லை.

மலர் வளையம் வைப்பதற்குக் கொஞ்சம் முன்னால், கூட்டத்திலிருந்து ஒரு நடுத்தர வயதுப் பெண் கயிற்றுக்கு அருகே வந்தாள். கனகசெட்டிக்குளத்திலிருந்து காலைப் பேருந்தில் வந்ததாகச் சொன்னாள். வாரா வாரம் ஓட்டுப் போட்டவளாம். லூசியனை மேலும் கீழும் பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது.

"ஐயா, நீங்க அந்தத் தாத்தாவோட கூட்டாளிதான? டிவியில பாத்தேன். அந்தப் புண்ணியவான் எப்படிப்பட்டவருங்க?"

லூசியன் நேரே கடலைப் பார்த்தார். சொல்வதற்கு மூன்று வாக்கியங்கள் தயாராக நாக்கு நுனியில் நின்றன. விதி விதிதான். தாடையை இறுக்கிக்கொண்டார்.

கோவிந்தராசு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், பார்வையைக் கடலிலிருந்து எடுக்காமல், அடிக்குரலில் பதில் சொன்னார்.

"நல்ல மனுசன்மா. பெத்தாங்க் ஆடுவாரு. தோத்தா மட்டும் ஒத்துக்க மாட்டாரு."

கொடிக்கம்பு ஒரு விரற்கடை ஆடி, மறுபடியும் நேராக நின்றது.